ஒரு மாடி, இரண்டு நிதியாண்டு

2025 பிப்ரவரி இரண்டாவது வாரம். பட்ஜெட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், வயது 62, வரி ஆலோசனைக்காக மகளுடன் என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கணவர் 2022-இல் காலமானவர். வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும், மேஸ்திரி 16 லட்சம் சொல்லியிருக்கிறார்.

“தம்பி, மார்ச்சுக்குள்ள ஒரே அடியா வித்துடலாம்னு இருக்கேன். வரி எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் போட்டுவைத்திருந்த கணக்கு சின்னதுதான். கணவர் வாங்கிய வங்கிப் பங்குகள் 4.5 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் இருந்து 11.5 லட்சம், ஆக 16. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏழு மாதம் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.

ஃபைலில் இருந்தது

ஆண்டு வருமானம்: பென்ஷன் 6.24 லட்சம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்ட 30 லட்சத்துக்கு 8.2% வீதம் 2.46 லட்சம், சேமிப்புக் கணக்கு வட்டி 10,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 8.05 லட்சம். அந்த 30 லட்சத்தைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாதச் செலவு அதில்தான் ஓடுகிறது. சரியான முடிவு, நானும் அதைத் தொடவில்லை.

விற்கக்கூடியவை ஐந்து. ஒன்று, 600 வங்கிப் பங்குகள், அன்றைய விலை 750. இரண்டு, 2014 ஜூலையில் இருந்து மாதம் 5,000 தவணையாக (எஸ்ஐபி) போகும் ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் (சிறிய, பெரிய நிறுவனப் பங்குகள் எல்லாவற்றிலும் போடும் ஈக்விட்டி ஃபண்ட்), மதிப்பு சுமார் 14.6 லட்சம். மூன்று, 2024 ஜூன் 10 அன்று மொத்தமாக 3 லட்சம் போட்ட இன்னொரு ஈக்விட்டி ஃபண்ட். சந்தை இறக்கத்தில் அது 2.72 லட்சமாகச் சுருங்கியிருந்தது. நான்கு, 2021-இல் ஐபிஓ (புதுப் பங்கு வெளியீடு) ஆரவாரத்தில் 1.6 லட்சத்துக்கு வாங்கி இப்போது 70,000-இல் நிற்கும் ஒரு பங்கு. ஐந்து, 2023 ஆகஸ்டில் 4 லட்சம் போட்ட கடன் ஃபண்ட் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்), சுமார் 4.5 லட்சம்.

அவர் திட்டப்படி விற்றிருந்தால் வரி என்ன ஆகியிருக்கும்? ஒரு லட்சத்து ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவர் எதிர்பார்த்தது எழுபதாயிரத்துச் சொச்சம். இந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது என்று தேடியதில்தான் மற்ற எல்லாம் வெளியே வந்தது.

மஞ்சளேறிய கான்ட்ராக்ட் நோட்

வங்கிப் பங்குகள் தன் டீமேட் கணக்குக்கு மாறிய நாளின் விலை 700, எனவே பங்குக்கு 50 ரூபாய்தான் லாபம் என்று நினைத்திருந்தார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வாரிசாக வந்த சொத்துக்கு, வந்த நாளின் விலை அடக்க விலை ஆகாது. இறந்தவர் என்ன கொடுத்து வாங்கினாரோ அதுதான் அடக்கம். அவர் வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும். முதல் பாதி பாதகம், இரண்டாம் பாதி சாதகம்.

மகள் ஃபைலைத் துழாவி 2009-ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது பங்கு வாங்கியதற்குப் புரோக்கர் தந்த சீட்டை, எடுத்துக் கொடுத்தார். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. 120 பங்குகள், ஒன்று 500 ரூபாய். பின்னால் முகமதிப்பு பிரிக்கப்பட்டு ஒன்று ஐந்தானது. ஆக 600 பங்குகள், அடக்கம் 100 ரூபாய். 750-க்கு விற்றால் பங்குக்கு 650 லாபமா என்று டீச்சர் பதறினார். அங்கே ஒரு பழைய விதி கைகொடுத்தது. பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால லாபத்துக்கு (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றதில் வருவது) 2018-இல் மறுபடி வரி வந்தபோது, அதுவரை சேர்ந்த லாபத்தை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் பதிவான உச்ச விலையை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், விற்ற விலை அதைவிடக் குறைவாக இல்லாதவரை. அன்றைய விலை 350. எனவே லாபம் பங்குக்கு 400, மொத்தம் 2.4 லட்சம். அவர் நினைத்த 30,000 இல்லை, பயந்த 3.9 லட்சமும் இல்லை.

புரோக்கர் தரும் லாப அறிக்கையை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். வாரிசாக மாறி வந்த பங்குகளுக்கு அதில் வாங்கிய விலை பூஜ்யம் என்றோ, மாறிய தேதியின் விலை என்றோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியே தாக்கல் செய்தால் ஒன்று அதிகம் கட்டுவோம், இல்லை நோட்டீஸ் வாங்குவோம்.

அடுத்தது வருமான வரித் தளத்தில் இருக்கும் ஏஐஎஸ், அதாவது நம் வருமானமும் விற்பனைகளும் திரட்டப்பட்டிருக்கும் ஆண்டு அறிக்கை. யார் வந்தாலும் அதை முதலில் இறக்கிப் பார்ப்பேன். டீச்சர் 2024 ஆகஸ்டில் லாக்-இன் முடிந்த ஒரு வரிசேமிப்பு ஃபண்டை எடுத்திருந்தது அதில் இருந்தது. லாபம் 40,000. “அது வரி சேமிக்கிற ஃபண்டுதானே தம்பி?” என்றார். போடும்போது சேமிக்கும், எடுக்கும்போது அதுவும் ஈக்விட்டி லாபம்தான். ஈக்விட்டி நீண்ட கால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%, அதன்மேல் 4% செஸ். அந்த 1.25 லட்சத்தில் 40,000 ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் 85,000.

ஃபண்ட் ஒன்று, தேதிகள் 128

ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டை டீச்சர் ஒரே பெட்டியாகப் பார்த்தார். போட்டது 6.4 லட்சம், இருப்பது 14.6, எனவே பாதிக்கு மேல் லாபம் என்று. வரிச்சட்டம் அதைப் பெட்டியாகப் பார்ப்பதில்லை. 128 மாதத் தவணைக்கும் தனித்தனித் தேதி, தனித்தனி விலை. எடுக்கும்போது முதலில் வாங்கிய யூனிட்டுதான் முதலில் வெளியேறும். எனக்குப் பிடித்ததை விற்கிறேன் என்று சொல்ல முடியாது. இந்த வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் (ஃபண்ட் கணக்குக்கும்) தனி என்பதால், 2018-க்குப் பிறகு புது ஃபோலியோவில் தொடங்கியிருந்தால் ஒரு பிடி இருந்திருக்கும். அவரிடம் இருந்தது ஒரே ஃபோலியோ.

2018 ஜனவரி வரை சேர்ந்த யூனிட்டுகள் 6,000. ஜனவரி 31 அன்று என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை) 50, அதே 2018 விதிப்படி அதுதான் அடக்கம். இப்போது 120. 1 லட்சம் எடுத்தால் அதில் 58,333 லாபம். நாங்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொண்ட எண் இதுதான். 85,000 லாபம் மட்டும் வர எவ்வளவு எடுக்கலாம்? 1,208 யூனிட், சுமார் 1.45 லட்சம் ரூபாய். லாபம் 84,560. ஆகஸ்ட் லாபத்தோடு சேர்த்து 1,24,560. வரி இல்லை.

ஆனால் மேஸ்திரிக்கு மார்ச் கடைசியில் 5 லட்சம் வேண்டும் என்றிருந்தார். மிச்சம் 3.55 லட்சத்துக்கு லாபத்தில் இருப்பதில் எதை விற்றாலும் இந்த ஆண்டில் வரி. இந்த இடத்தில் சட்டப் பிரிவு எதுவும் உதவவில்லை. மேஸ்திரிக்கு ஒரு போன் போடச் சொன்னேன். “இப்ப ரெண்டு வாங்கிக்குங்க, மூணு ஏப்ரல் முதல் வாரத்துல தர்றேன்.” அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். கம்பி இறக்கவே ஒரு வாரம் ஆகும் என்றாராம். இந்த மொத்த வேலையில் அதிக வரியைத் தள்ளிவைத்தது அந்த இரண்டு நிமிடப் பேச்சுதான்.

மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது என்று டீச்சர் எண்ணியிருந்தார். 2025-இல் மார்ச் 29, 30 சனி ஞாயிறு. 31 ரம்ஜான், சந்தை விடுமுறை. நிதியாண்டின் கடைசி வர்த்தக நாள் 28 வெள்ளிக்கிழமை. அன்றைய என்ஏவி வேண்டும் என்றால் பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாக, 27-ஆம் தேதியே எடுத்தோம். சேமிப்புக் கணக்கில் இருந்து 55,000 சேர்த்து மேஸ்திரிக்கு 2 லட்சம் போனது.

விற்காமல் விட்டவை

மார்ச் வந்தாலே “நஷ்டத்தில் இருப்பதை விற்றுவிடு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகளும் அதைப் படித்துவிட்டு வந்திருந்தார். இரண்டு நஷ்டங்கள் இருந்தன, இரண்டையும் மார்ச்சில் தொடவில்லை.

ஐபிஓ பங்கில் 90,000 நஷ்டம், நீண்ட காலம். அதை மார்ச்சில் விற்றால் என்ன ஆகும்? அந்த ஆண்டின் நீண்ட கால லாபம் 1,24,560. நஷ்டம் முதலில் லாபத்தில் கழியும், அதற்குப் பிறகுதான் 1.25 லட்சம் விலக்கு கணக்குக்கு வரும். எப்படியும் வரி இல்லாத லாபத்தை அழிக்க 90,000 நஷ்டத்தைச் செலவழித்திருப்போம். எரிகிற விளக்குக்கு இன்னொரு விளக்கு பிடித்த கதை. ஏப்ரலுக்குப் பின் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டப்போகிறது. நஷ்டத்துக்கு அங்கேதான் வேலை.

மூன்றாவது ஃபண்டில் 28,000 குறுகிய கால நஷ்டம். குறுகிய கால நஷ்டம் இரண்டு வகை லாபத்திலும் கழியும், அதனால் மதிப்பு கூடியது என்பார்கள். உண்மைதான், 20% வரி விழும் குறுகிய கால லாபம் இருந்தால். டீச்சரிடம் அது இல்லை. 12.5% லாபத்தில் கழித்தால் மிச்சமாவது 3,500 ரூபாய். ஓராண்டுக்குள் எடுப்பதால் 1% எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) 2,720 ரூபாய். 780 ரூபாய்க்காக அடிமட்டத்தில் விற்பதா? விட்டுவிட்டோம்.

மகள் பெயருக்கு வங்கிப் பங்குகளை அன்பளிப்பாக மாற்றி அவர் விற்றால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. மகளுக்கு 24 வயது, படிக்கிறார், வருமானம் இல்லை. சட்டப்படி வயது வந்த பிள்ளைக்குக் கொடுத்ததன் லாபம் தாயின் வருமானத்தில் சேராது, மகளுக்கு வரியே வராது. ஆனால் அந்தப் பணம் அடுத்த வாரமே அம்மா பெயரில் இருக்கும் வீட்டின் மாடிக்குத் திரும்பப்போகிறது. உண்மையாகவே மகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், வட்டமடிக்க வைக்காதீர்கள் என்றேன். டீச்சர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அப்புறம் வருமான வரிச் சட்டத்தின் 54எஃப் பிரிவு. பங்கு விற்ற பணத்தில் வீடு கட்டினால் விலக்கு உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற வீட்டின் மேல் எழுப்பும் மாடி புது வீடா, பழைய வீட்டின் நீட்சியா என்பது வாதத்துக்கு இடமுள்ள விஷயம். தனி வாசல், தனிச் சமையலறை, தனி மின் இணைப்பு என்றால் வாதம் வலுக்கும். கோடிக் கணக்கில் லாபம் என்றால் அந்த வழியில் போகலாம். இங்கே மீதி வரியே 25,000 சுற்றித்தான். வாதத்தைத் தேடிப் போகவில்லை.

12 லட்சம் என்ற கோடு

2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு 14 லட்சம் வேண்டும். ஏப்ரலில் 3, மேயில் 7, செப்டம்பரில் 4. இங்கேதான் எனக்கும் முதலில் கவனம் தவறியது.

2025 பட்ஜெட்படி, புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி உண்டு. டீச்சரின் 8.05 லட்சத்துக்கு ஸ்லாப் (வருமானப் படிநிலை) வரி 20,500, தள்ளுபடியில் பூஜ்யமாகிறது. பங்கு லாபம் போன்ற தனி விகித வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அதனால் ‘அது தனி, இது தனி’ என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டுகிறோமா என்று பார்க்கும்போது மூலதன லாபமும் கூட்டப்படுகிறது, வரி விழாத அந்த 1.25 லட்சம் உட்பட. தாண்டினால் பென்ஷன் மீதான வரி உயிர்த்து எழும். மார்ஜினல் ரிலீஃப் என்று கொஞ்சம் தணிப்பு உண்டு, முழுக்கக் காப்பாற்றாது.

ஆக லாபத்துக்கு இருக்கும் இடம் 3.95 லட்சம். என் முதல் வரைவு இதுதான்: கடன் ஃபண்ட் 4.5, வங்கிப் பங்கு 4.5, நஷ்டப் பங்கு 0.7, மீதி 4.3 ஃப்ளெக்ஸி கேப்பில் இருந்து. கூட்டிப் பார்த்தால் மொத்த வருமானம் 12.56 லட்சம். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

கடன் ஃபண்டில் லாபம் 50,000. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கியதால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது ஸ்லாப் வருமானம்தான். பொதுவாக இதைக் குறையாகச் சொல்வார்கள். இவருக்கு அதுவே வசதி, தள்ளுபடிக்குள் அடங்கிவிடுகிறது. முந்தைய மார்ச்சில் எடுத்திருந்தால் 10% போயிருக்கும். வங்கிப் பங்கு லாபம் 2.4 லட்சத்தில் ஐபிஓ நஷ்டம் 90,000 கழிய 1.5 லட்சம். ஃப்ளெக்ஸி கேப்பை 2.7 லட்சத்தோடு நிறுத்தினால் லாபம் 1.575 லட்சம். குறைந்த 1.6 லட்சத்துக்கு மூன்றாவது ஃபண்ட். ஜூன் 10 தாண்டினால் அது நீண்ட காலம் ஆகிவிடும், லோடும் இல்லை, அதற்குள் சந்தை மீண்டாலும் லாபம் சொற்பம், 7,500 என்று வைத்துக்கொண்டேன். மொத்த வருமானம் 11.70 லட்சம். 30,000 ரூபாய் வேண்டுமென்றே விட்ட இடைவெளி. என்ஏவி ஏறினாலும் வங்கி வட்டி கூடினாலும் அது தாங்க வேண்டும். வரி: நீண்ட கால லாபம் 3.15 லட்சத்தில் 1.25 போக மீதிக்கு, செஸ் சேர்த்து 24,700.

ஏப்ரல் 7

ஏப்ரல் 2 அன்று கடன் ஃபண்டை எடுத்து மேஸ்திரிக்கு 3 லட்சம் கொடுத்தாயிற்று. ஐந்து நாள் கழித்து, அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பில் உலகச் சந்தைகள் சரிந்தபோது, சென்செக்ஸ் ஒரே நாளில் 2,226 புள்ளிகள் விழுந்தது. மாலையில் டீச்சரிடமிருந்து போன்.

“தம்பி, மார்ச்சுலயே வித்திருந்தா…”

மேயில் தேவைப்படும் 4.5 லட்சத்தைப் பங்கில் விட்டுவைத்தது நான் சொல்லித்தான். அந்தப் பங்குகளை மார்ச்சில் விற்றிருந்தால் 31,000 ரூபாய் வரி. 7% விலை சரிந்தால் அந்தச் சேமிப்பு காலி. இரண்டு மாதத்தில் வேண்டிய பணத்துக்கு அந்தப் பந்தயம் வைத்திருக்கக் கூடாது. குறைந்தது பாதியையாவது, வரி கட்டியே, மார்ச்சில் விற்கச் சொல்லியிருக்க வேண்டும். “காத்திருக்கலாம் டீச்சர், முடியாவிட்டால் கடன் ஃபண்டில் மிச்சம் 1.5 லட்சம் இருக்கிறது, மேஸ்திரி கொஞ்சம் பொறுப்பார்” என்று சொல்லிவிட்டு அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மே 12 அன்று சென்செக்ஸ் 2,975 புள்ளிகள் ஏறியது. மறுநாள் வங்கிப் பங்குகளையும் ஐபிஓ பங்கையும் விற்றோம், கிட்டத்தட்ட பிப்ரவரி விலைக்கே. அதிர்ஷ்டம், என் திறமை இல்லை. மேல்தளக் கான்கிரீட்டும் அந்த வாரமே போட்டார்கள்.

செப்டம்பரில் என்ஏவி 126. 2.7 லட்சத்துக்கு 2,143 யூனிட் எடுத்தோம், லாபம் கணித்ததைவிட ஐயாயிரம் கூடியது. மொத்த வருமானம் 11.755 லட்சம், வரி சுமார் 25,400. வயது 60 தாண்டி, தொழில் வருமானம் இல்லாததால் முன்கூட்டிய வரித் தவணைகளும் அவருக்கு இல்லை. தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும். மார்ச் வரையிலான ஆண்டுக்கு ஐடிஆர்-1 என்ற எளிய படிவமே போதுமாக இருந்தது. 1.25 லட்சத்துக்குள்ளான நீண்ட கால லாபத்தை அந்த ஆண்டுக் கணக்கில் இருந்துதான் அதில் காட்ட விட்டார்கள். ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு ஐடிஆர்-2.

1,05,500-க்குப் பதில் 25,400 என்பதால் 80,000 மிச்சம் என்று எழுதிவிடலாம், அழகாக இருக்கும். ஆனால் அது முழுக்க மிச்சம் இல்லை. அவர் திட்டத்தில் கடன் ஃபண்டும் மூன்றாவது ஃபண்டும் அப்படியே இருந்திருக்கும், ஃப்ளெக்ஸி கேப் குறைந்திருக்கும். இப்போது தலைகீழ். அந்தப் பழைய யூனிட்டுகளில் 2,649 இன்னும் இருக்கின்றன, அவற்றுக்குள் லாபமும் இருக்கிறது, என்றைக்காவது வரியும் விழும். உறுதியாகக் கைக்கு வந்தது இரண்டாம் ஆண்டின் 1.25 லட்சம் விலக்கு, அதாவது 16,250 ரூபாய். நஷ்டம் கழிந்ததில் 11,700. மற்றது தள்ளிப்போனது.

நவம்பரில் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழோடு வந்தார். இப்போது டைரியில் தவணை வாரியாகத் தேதி, யூனிட், விலை எழுதிவைத்திருக்கிறார். “இந்த மார்ச்சுல எத்தனை யூனிட் எடுக்கணும் தம்பி?”

“ஒன்றும் எடுக்காதீர்கள் டீச்சர். இந்த வருஷத்து 1.25 தீர்ந்துவிட்டது, 12 லட்சத்துக்கு இன்னும் 24,500தான் இடம். ஏப்ரலில் பார்க்கலாம்.”

டைரியில் ஏப்ரல் பக்கத்தைத் திருப்பிக் குறித்துக்கொண்டார்.